விழிக்காத யந்திரம்

எனக்கும் யந்திரங்களுக்கும் என்றைக்குமே ஒத்துப் போனதில்லை. சைக்கிளில் செயின் கழன்றால் அதை மாட்டத் தெரியாமல் வீடு வரையில் தள்ளிக்கொண்டே வந்து சேருகிற ஜாதி நான். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் பொறுப்பைக்கூடச் சிறு வயதிலேயே என்னிடமிருந்து பிடுங்கித் தம்பியிடம் கொடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவன் கம்ப்யூட்டரில் நாவல் எழுதலாமா என்று கேட்டால், எழுதியிருக்கக் கூடாதுதான். ஆனால் கை நடுங்க ஆரம்பித்த பிறகு, பேனாவைக் காட்டிலும் விசைப்பலகை தயவுள்ளதாகத் தோன்றியது. 2011-ல் நண்பர் ஒருவர் ரிச்சி தெருவுக்குப் போய்ப் பாகம் பாகமாக வாங்கி, சேர்த்து முடுக்கிக் கொடுத்த பெட்டி அது. ஐந்து நாவல்களை அதில் எழுதி முடித்திருக்கிறேன். ஒரு நாளாவது அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தது கிடையாது.

சென்ற ஐப்பசியில், மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலை நேரத்தில் வழக்கம்போல் பொத்தானை அமுக்கினேன். உள்ளே விசிறி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாக இருந்தது. சரி, குளிருக்குச் சோம்பல் பட்டுக்கொண்டிருக்கிறது என்று எண்ணிக் காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் கறுப்பு. மேஜைக்கு அடியில் யு.பி.எஸ். வேறு 'கீங்... கீங்...' என்று கத்திக்கொண்டிருந்தது. இரவு நாலைந்து தடவை மின்சாரம் போய் வந்ததில் அதற்கு என்ன கோபமோ என்று நினைத்து, நான் அந்தச் சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்தக் 'கீங்' சத்தத்தை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டிக்குள் ஒரு நாவல் இருந்தது. மூன்று வருஷத்து வேலை. 31 அத்தியாயங்களில் முதல் 20 அத்தியாயங்களைக் காகிதத்தில் அச்செடுத்து வைத்திருந்தேன். மிச்சம் 11 அத்தியாயங்களும் அந்தக் கறுப்புக்குப் பின்னால் இருந்தன; வேறெங்கும் இல்லை. பிரதி எடுத்து வையுங்கள் என்று சொல்லாதவர்கள் பாக்கியில்லை. பிரதி எடுப்பதற்காகவே வாங்கிய பென் டிரைவ் ஒன்று, உறை பிரிக்காமல், மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருந்தது.

"என்னங்க, ஒரு கம்ப்யூட்டருக்கா இப்படி முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் என் மனைவி. கம்ப்யூட்டருக்கு இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

அன்று நண்பகலுக்குள் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளைத் தொகுத்தால் அதுவே ஒரு புத்தகமாகும். மாடி வீட்டுக்காரர் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டச் சொன்னார். தட்டினேன். மாம்பலத்திலிருந்து மைத்துனன் தொலைபேசியில், "பத்து தடவை அணைச்சு அணைச்சுப் போடுங்க அத்தான், ஒரு தடவை பிடிச்சுக்கும்" என்றான். பத்து என்ன, முப்பது தடவை செய்தேன். இந்த முறைகளுக்கெல்லாம் ஒரு பொதுவான குணம் உண்டு: எதற்காகச் செய்கிறோம் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

மறுநாள் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குப் போனேன். கடையின் பெயர் எதற்கு? சாலையோரக் கடை, பஸ்கள் உறுமிக்கொண்டு போகிற சந்தி. அங்கிருந்த இளைஞர் பொத்தானை ஒரு முறை அமுக்கினார். கறுப்புத் திரையை ஒரு கணம் பார்த்தார். மூடியைத் திறக்கவில்லை.

"மதர்போர்டு போயிடுச்சு சார். பழசு, இனிமே பார்ட்ஸ் கிடைக்காது. புதுசு வாங்கிடுங்க."

"உள்ளே இருக்கிறது?"

"டேட்டாவா? ஹார்டு டிஸ்க்கும் அடிபட்டிருக்கலாம். அதை எடுக்கிறது தனி வேலை, தனி சார்ஜ். காரண்டி கிடையாது."

உள்ளங்கை அகலக் காகிதம் ஒன்றில் ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார். வைத்தியர்கள் நாடி பார்த்த காலம் போய், முகம் பார்க்காமலே பரிசோதனைச் சீட்டு எழுதுகிற காலம் வந்துவிட்டது என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். யந்திர வைத்தியத்திலும் அதே கதைதான். பழுது பார்ப்பது என்ற சொல்லில் 'பார்ப்பது' என்று ஒரு பாதி இருக்கிறதே, அது இப்போது எந்தக் கடையில் நடக்கிறது?

பெட்டியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு திருவான்மியூர் வந்து சேர்ந்தேன்.

அன்று இரவு எனக்குக் கார்லைலின் நினைவு வந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றில் முதல் பாகத்தை எழுதி முடித்து, கைப்பிரதியை நண்பர் ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம் படிக்கக் கொடுத்தார். 1835-ஆம் வருஷம். அங்கே வேலைக்காரப் பெண் அதைக் குப்பைக் காகிதம் என்று நினைத்து அடுப்பு மூட்டிவிட்டாள். கார்லைல் உட்கார்ந்து முழுவதையும் மறுபடி எழுதினார். 1837-ல் புத்தகம் வெளிவந்தது. இந்தக் கதையை நானே எத்தனையோ இளம் எழுத்தாளர்களுக்கு ஊக்கம் தருவதற்காகச் சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்ல மாட்டேன். தன் வீட்டு அடுப்பு எரிகிறபோதுதான் அதன் உஷ்ணம் தெரிகிறது.

ஆனாலும் காகிதமும் பேனாவும் எடுத்து, 27-வது அத்தியாயத்தை ஞாபகத்திலிருந்து எழுத முனைந்தேன். நாவலின் நடு நாடி அந்த அத்தியாயம்தான். கடனுக்காக வீடு ஜப்தியாகிற நாள். மூன்று நாள் எழுதினேன். ஆறு பக்கம் வந்தது. அசல் பதினாலு பக்கம் என்பது மட்டும் நிச்சயமாக நினைவிருந்தது. மிச்சம் எட்டுப் பக்கத்தில் என்ன எழுதினேன் என்று விடிய விடிய யோசித்தும் ஒரு வரிகூட வரவில்லை. எழுதியவன் நான், எழுதியது நாலு மாதத்துக்கு முன்னால்தான்.

எங்கள் தெரு முனையில் புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் இருக்கிறார். அவருடைய மகள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் இரண்டாவது வருஷம் படிக்கிறாள். நாலாம் நாள் மாலை சலவைத் துணிகளைக் கொடுக்க வந்தவள், வாசற்படியிலேயே நின்று கேட்டாள்:

"பொட்டி ஓடலையாமே சார்? அம்மா சொன்னாங்க."

'அம்மா' என்றது என் மனைவியை.

"செத்துப் போச்சு அம்மா. கடையிலேயே சொல்லிட்டாங்க."

"செத்துப் போச்சுன்னு முதல்லேயே சொல்லிட்டா அப்புறம் பார்க்க என்ன சார் இருக்கு? பட்டனை அமுக்கினா என்னென்ன நடக்குது? அதைச் சொல்லுங்க."

"ஒண்ணும் நடக்கலை."

"ஃபேன் சுத்துதா?"

"சுத்துது."

"லைட்டு?"

"எரியுது."

"அப்போ ரெண்டு நடக்குதே! வேற ஏதாவது சத்தம் வருதா?"

"சத்தமா? யு.பி.எஸ். கத்துது. அது வேறே."

அவள் துணி மூட்டையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். யு.பி.எஸ்.ஸை அணைத்து ஒதுக்கிவிட்டு, கம்ப்யூட்டரின் வயரை நேரே சுவரில் சொருகினாள். பொத்தானை அமுக்கினாள்.

'கீங்... கீங்... கீங்...'

யு.பி.எஸ். அணைந்து கிடந்தது. கத்தியது பெட்டி! நாலு நாளாக நான் பொத்தானை அமுக்கிய ஒவ்வொரு தடவையும் அது தன் வியாதியைச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

அந்தப் பெண் சொன்ன விளக்கத்தை என் வார்த்தைகளில் சொல்கிறேன். பொத்தானை அமுக்கியதும் கம்ப்யூட்டர் உடனே நம் வேலையைப் பார்க்க வருவதில்லை. அது ஒவ்வொரு நாளும் தான் யார் என்றே தெரியாமல்தான் கண் விழிக்கிறது. மின்சாரம் சீராக வருகிறதா என்று முதலில் மின்பெட்டி தகவல் கொடுக்க வேண்டும். அதன் பிறகு, பலகையில் பதித்த சின்னச் சில்லு ஒன்றில் என்றும் அழியாமல் எழுதி வைத்திருக்கும் நாலு கட்டளைகளை மூளையானது படிக்கிறது. "உனக்கு நினைவு இருக்கிறதா, பார். திரை இருக்கிறதா, பார். விசைப்பலகை இருக்கிறதா, பார்" என்கிற மாதிரி. எல்லாம் சரியாக இருந்தால் கடைசியாக டிஸ்க்குக்குப் போய், அங்கே இருக்கும் பெரிய கட்டளைத் தொகுதியைக் கொண்டு வருகிறது. 1981-ல் ஐ.பி.எம். வீட்டு மேஜைக்கு வந்த காலத்திலிருந்து சம்பிரதாயம் ஏறத்தாழ இதுதான். இப்படித் தன்னைத் தானே எழுப்பிக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் 'பூட்' என்று பெயர். பூட்ஸ் வாரைப் பிடித்துத் தன்னையே தூக்கிக்கொள்வது என்ற பழைய வேடிக்கைப் பேச்சிலிருந்து வந்தது. தன் தோளில் தான் ஏற முடியாது என்பார்களே நம் பெரியவர்கள், அதைத்தான் இந்தப் பெட்டி தினமும் காலையில் செய்துகொண்டிருக்கிறது!

சோதனையில் முதல் படியிலேயே குற்றம் இருந்தால் அதை எழுதிக் காட்டத் திரை இன்னும் விழித்திருக்காது. ஆகையால் குரல் கொடுக்கிறது. எத்தனை தடவை, எவ்வளவு நீளம் என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி பாஷை வேறுபடும். விட்டு விட்டு நீளமாகக் கத்தினால் பெரும்பாலும் நினைவுப் பலகையில் கோளாறு என்றாள்.

"ராம் சார். ராம்தான் பிடிக்கலை."

"எந்த ராமன்?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "டிஸ்க் அடிபட்டிருக்குன்னு சொன்னாங்களே?"

"டிஸ்க்கிட்டே அது இன்னும் போகவே இல்லை சார். அதுக்கு முன்னாடியே நின்னு கத்துது. போகாத இடத்திலே என்ன அடிபட்டிருக்கும்? அப்படியே இந்த போர்டு போனாலும் டிஸ்க்கைக் கழட்டி வேற பொட்டியிலே மாட்டிப் படிக்கலாமே."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நாலு நாளாக என் நாவலுக்கு நான் எடுத்த துக்கமெல்லாம், வாசல் கதவு திறக்காததற்காக வீட்டுக்குள் இருப்பவர்கள் இறந்துவிட்டார்கள் என்று அழுத கதையாகப் போயிற்று.

அவள் வயரைப் பிடுங்கினாள். பிடுங்கிய பின்பும் பொத்தானை ஒரு தரம் அமுக்கினாள். உள்ளே தங்கியிருக்கிற கொஞ்ச நஞ்ச மின்சாரமும் வடிந்து போவதற்காக. கைவளையலைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். மூடியைத் திறந்தாள்.

அடாடா! அந்தக் காட்சியை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஒரு விரற்கடை தூசி. இரண்டு பல்லி முட்டைகளின் ஓடு. மல்லாந்து கிடந்த கரப்பான் பூச்சி ஒன்று. 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் 2 என்ற ராட்சதக் கணக்கு யந்திரத்தின் ரிலேயில் ஒரு விட்டில் பூச்சி அகப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்து, குறிப்புப் புத்தகத்தில் ஒட்டி வைத்தார்கள். பூச்சியோடு அந்தப் புத்தகம் இன்றும் அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் காட்சிசாலையில் இருக்கிறது. யந்திரக் கோளாறுக்குப் 'பூச்சி' என்ற பெயர் அதற்கு முன்பே உண்டு. எடிசனே 1878-ல் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறார். என் கரப்பானுக்கு அந்த யோகம் இல்லை. அது நேரே குப்பைக் கூடைக்குப் போயிற்று.

பெயிண்ட் அடிக்கிற பிரஷ் ஒன்றால் தூசியைத் துடைத்துவிட்டு, பலகையின்மேல் உருளை உருளையாக நிற்கும் கபாஸிட்டர்களின் தலைகளை டார்ச் அடித்துப் பார்த்தாள். உப்பியிருந்தால் ஆபத்தாம். இந்த நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில் உள்ளே ஊற்றிய திராவகம் சரியில்லாமல் எத்தனையோ பலகைகள் அப்படி உப்பி வெடித்துச் செத்தன என்றாள். அவள் பிறப்பதற்கு முந்திய சரித்திரம்! எங்கே படித்தாய் என்று கேட்டேன். "லேப்பிலே இருக்கிற மெஷின் எல்லாம் என்னைவிடப் பழசு சார்" என்றாள்.

நினைவுப் பலகைகள் இரண்டு இருந்தன. சீப்பு மாதிரி மெலிசாக, அடியில் மஞ்சள் பற்கள் வரிசையாக. இரண்டையும் எடுத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினாள், அதே கத்தல். "இல்லேன்னாலும் இப்படித்தான் கத்தும். அப்போ அதுக்கு ராம் இருக்கிறதே தெரியலை." முதலாவதை மட்டும் போட்டாள், கத்தல். அதை எடுத்துவிட்டு, அதே துவாரத்தில் இரண்டாவதைப் போட்டாள்.

ஒரே ஒரு 'கீங்'. பிறகு மௌனம். திரையில் வெள்ளை எழுத்துக்கள் ஓடின.

நான் துள்ளி எழுந்துவிட்டேன். "போதும் அம்மா, மூடிடு!"

"இருங்க சார். எது கெட்டுப் போச்சுன்னு இன்னும் தெரியலையே."

எனக்கு வேண்டியது நாவல். அவளுக்கு வேண்டியது காரணம். மறுபடி அணைத்தாள். முதல் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு, "ரப்பர் இருக்கா சார்? பென்சில் அழிக்கிற ரப்பர்?" என்று கேட்டாள். என் மேஜையில் அதற்கா பஞ்சம்? அந்த மஞ்சள் பற்களின்மேல் மெள்ள, ஒரே திசையில், பூப் போலத் தேய்த்தாள். ரப்பரில் கறுப்பு ஏறியது. கடல் காற்றும் ஐப்பசி ஈரமும் சேர்ந்து படிந்த பாசி என்றாள்.

"அழுத்தித் தேய்ச்சா போயிடும் சார். மேலே தங்க முலாம்."

"தங்கமா?" என்று மனைவி கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"குன்றிமணிகூடத் தேறாது அம்மா."

தூளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, 'டக்' என்று இரண்டு பக்கக் கொக்கியும் விழும்படி அழுத்திப் போட்டாள். இரண்டு பலகைகளும் வேலை செய்தன. ஒரே சமயத்தில் ஒன்றை மாற்றுவது, மாற்றியதன் பலனைப் பார்ப்பது, பிறகுதான் அடுத்ததைத் தொடுவது: அவள் செய்ததெல்லாம் இவ்வளவுதான். மைத்துனன் யோசனைப்படி நான் முப்பது தடவை அணைத்துப் போட்டதில், ஒரே காரியத்தை முப்பது தடவை செய்தேனே தவிர, இரண்டாவது காரியம் ஒன்றைச் செய்யவில்லை. எழுதியதை அழிப்பதற்கென்று நாற்பது வருஷமாக வாங்கி வந்த ரப்பர், எழுதியதை மீட்டுக் கொடுத்ததைப் பற்றி எழுத்தாளன் என்ற முறையில் நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டேன், மேலே போகலாம்.

திரை பாதியில் நின்று ஏதோ கேட்டது. தேதி சரியாக இல்லை, ஒரு விசையை அமுக்கு என்றது. மூலையில், '2010 ஜனவரி 1' என்று இருந்தது.

"பாட்டரி சார். வட்டமா, ரூபாய்க் காசு மாதிரி. கரண்டு இல்லாதப்போ கடிகாரத்தை ஓட்டுறது அதுதான். தீர்ந்து போச்சு."

என் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

"2010-ன்னா அத்தை இருந்த வருஷங்க. இந்த ரூம்லேதானே படுத்திருந்தாங்க" என்றாள்.

ஆமாம். என் தாயார் அடுத்த வருஷம் ஆவணியில் போய்விட்டாள். பெட்டி அதற்குப் பிறகு வந்தது. அம்மாவின் கட்டில் இருந்த இடத்தில்தான் இந்த மேஜை இருக்கிறது. யாரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெண்தான், "முதல்லே காப்பி எடுத்துடுங்க சார், அப்புறம் எல்லாம்" என்றாள். உறை பிரியாத பென் டிரைவ் அன்று உறை பிரிந்தது. மூன்று வருஷத்து உழைப்பு அதில் ஏறுவதற்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

எல்லாரும் போன பிறகு 27-வது அத்தியாயத்தைத் திறந்து, என் கையெழுத்துப் பக்கங்களோடு வைத்துப் படித்தேன். மறந்து போன எட்டுப் பக்கங்களில் ஐந்து பக்கம், ஒரு வக்கீல் செய்யும் பிரசங்கம். எழுதியபோது எனக்கு அதில் ரொம்பப் பெருமை. ஞாபகம் அதை ஏன் உதறியது என்று இப்போது புரிந்தது. அந்த இரவே அடித்துவிட்டேன். அத்தோடு விஷயம் முடிந்திருந்தால், மறப்பதெல்லாம் நல்லதற்கே என்று ஒரு கொள்கை பேசலாம். ஆனால் மீதி மூன்று பக்கத்தில், அமீனா வாசலில் காத்துக்கொண்டிருக்கும்போது வீட்டுக் கிழவி பரணிலிருந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்கி, அதது யார் கல்யாணத்துக்கு வந்தது என்று சொல்லிச் சொல்லி எண்ணுகிறாள். என் தாயார் ஒரு முறை அப்படி எண்ணியதைக் கேட்டிருக்கிறேன். அந்த வார்த்தைகளே அங்கே இருந்தன. அத்தியாயத்துக்கு உயிரே அதுதான். அதையும் அல்லவா மறந்திருந்தேன்! மூன்று நாள் முட்டி மோதியும் அந்தக் கிழவி என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டி வைத்திருந்தது.

மறுநாள் கைக்கடிகாரக் கடையில் பாட்டரி வாங்கினேன். மேலே 'சி.ஆர். 2032' என்று எழுதியிருந்தது. 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 மில்லிமீட்டர் கனம். அந்த எண்ணுக்கு அவ்வளவுதான் அர்த்தம். அந்தப் பெண்ணே வந்து மாட்டினாள். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. இரண்டாவது தடவை நீட்டியபோது அவள் முகம் மாறியதைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். பிறகு தயங்கித் தயங்கி, "பழைய மெஷின் ஏதாவது யாராவது தூக்கிப் போட்டா சொல்லுங்க சார். வீட்டிலே கழட்டிப் பார்க்கிறதுக்கு ஒண்ணும் இல்லை" என்றாள். மாடி வீட்டுக்காரரிடம் ஒன்று இருந்தது. தட்டித் தட்டியே அவர் அதை வீழ்த்தியிருந்தார். அது மறுநாள் இஸ்திரி வண்டியில் சட்டைகளுக்கு நடுவே ஏறிப் போயிற்று. பத்து நாளில் ஓட வைத்துவிட்டாள் என்று அவள் அப்பா சொன்னார். மாடி வீட்டுக்காரர் அதற்கப்புறம் என்னோடு அவ்வளவாகப் பேசுவதில்லை.

இப்போதெல்லாம் எந்த மூலையில் 'கீங்' என்று கேட்டாலும் நான் சும்மா இருப்பதில்லை. போன வாரம் எழுதிக்கொண்டிருக்கும்போதே சத்தம் கேட்டது. சட்டென்று எல்லாவற்றையும் சேமித்து, யந்திரத்தை அணைத்து, வயரைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, ரப்பரும் கையுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் நிற்கவில்லை.

"எதிர் வீட்டுக்காரர் காரைப் பின்னாலே எடுக்கிறாருங்க" என்றாள் என் மனைவி, ஜன்னலிலிருந்து.